மூன்று இழுப்பு

சிம்மக்கல்லில் ஒரு மாடி அரங்கு.
மாதம் ஒருமுறை அயல்நாட்டுப் படம் போடுவார்கள்.
கூட்டுவதும் பூட்டுவதும் நான்.

இன்றைக்கு ஸ்பானியப் படம்.
கீழே ஓடிய எழுத்து எனக்கு வாசிக்க வராது.
ஆனாலும் கயிறு எந்த மொழியிலும் கயிறுதான்.
ஒருவன் ஒருத்தியைக் கட்டிப்போட்டான்,
கன்றிய இடத்தை ஊதினான்.
போகப்போக அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.
முன்வரிசையில் யாரோ செருமினார்கள்.

விளக்கு போட்டதும் விவாதம்.
"இதுக்குப் பேரு காதலா?"
சுருட்டைமுடிப் பெண் மேசையைத் தட்டினாள்.
"படத்தைப் படமாப் பாருங்க" என்றார் ஜிப்பாக்காரர்.
இருவருக்கும் தண்ணீர் வைத்தேன்.
அந்தப் பெண் சொன்னதுதான் சரி.
சரி என்று தெரிந்த பிறகும்
தொண்டையில் ஒரு மீன்முள்.

ஆரப்பாளையம், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்து.
தவசி ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது வெளியே பூட்டுவான்.
திண்டுக்கல் பூட்டு, உள்ளங்கை அகலம்.
பூட்டி மூன்று முறை இழுத்துப் பார்ப்பான்.
ராத்திரி தூக்குவாளியில் பருத்திப்பால்;
என் நாக்கு பொத்துவிடாமல் ஆற்றி ஆற்றித் தருவான்.
"ஒன்னய யாராச்சும் கொண்டு போயிருவாய்ங்க" என்பான்.
கொண்டுவந்தவனே அவன்தான்.

பகல் முழுக்க ஜன்னலில் கண்டக்டர் குரல்:
செக்கானூரணி உசிலம்பட்டி தேனி தேனி…
திண்டுக்கல் திண்டுக்கல், ஏறு ஏறு…
என்னைப் பூட்டியதன் சொந்த ஊருக்கு
நாளைக்கு எத்தனை வண்டி!

பங்குனியில் ஒருநாள் இழுப்புச் சத்தம் கேட்கவில்லை.
தள்ளினேன்.
திறந்தது.
வெயில் வாசல்வரை வந்து நின்றது, நானும்.
அரிசிப் பானைக்குள் இருபது ரூபாய் இருந்தது.
உசிலம்பட்டிக்கு அது போதும்.
தெருமுனை திரும்பப் போன சைக்கிளைக் கூப்பிட்டேன்:

"பூட்ட மறந்துட்டியேய்யா."

தவசி திரும்பிப் பார்த்தான்.
முகத்தில் சந்தோஷம் இல்லை. பயந்திருந்தான்.
அன்றைக்குத்தான் அவன் சரியாகச் சாப்பிடாமல் படுத்தான்.

எட்டு மாதம் கழித்து நான் வெளியேறியதை
யாரும் படம் எடுக்க மாட்டார்கள்.
ஒரு தோசைக்கரண்டி, துருப்பிடித்த ஜன்னல் கம்பி, பதினோரு ராத்திரி.
முழங்கையில் தழும்பு இருக்கிறது.
கூப்பிட்ட அந்தக் குரல் எங்கே இருக்கிறது என்றுதான்
பத்தொன்பது வருஷமாய்த் தெரியவில்லை.

"அக்கா, அஞ்சு நிமிஷம்" என்றார்கள்.
அரைமணி ஆனது.
சுருட்டைமுடிப் பெண் கடைசியாய் இறங்கினாள்.
"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றாள் என்னிடம்.
"லைட்டை அணைக்கணும்மா" என்றேன்.

கதவைச் சாத்தி உள்ளே பார்த்துக் கேட்டேன்:
யாராச்சும் இருக்கீங்களா?
பதில் இல்லை.
பூட்டினேன்.
இழுத்தேன். ரெண்டு.
மூன்றாவதற்குக் கை தானாகவே போனது.