பின்னுக்கு எடுத்தல்

முதல் கிழமை முழுக்க
என்னை முன்னுக்கு ஓட விடவில்லை அவன்.
சுன்னாகம் சந்தைக்குப் பின்புறம்
வெங்காயச் சருகு பறக்கிற வளவில்
பத்துச் சில்லு லொறியைப்
பின்னுக்கு, பின்னுக்கு, பின்னுக்கு.
இரண்டு எண்ணெய்ப் பீப்பா. நடுவில் வாசல் என்று நினைக்க வேண்டும்.
"கண்ணாடியைப் பாரும். என்னைப் பாராதையும்."
நான் அவனைத்தான் பார்த்தேன்.

குகதீபன். இருபத்தொன்பது வயது.
எனக்கு நாற்பத்தாறு.
சந்தையில் எல்லோரையும் அண்ணை என்பான்,
என்னை மட்டும் நீர்.

ஒரு பீப்பாவை நசித்தேன்.
நிமிர்த்தி வைத்தான்,
ஒன்றும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் இரவு தம்புள்ளைக்கு லோட்.
இருநூறு மூட்டை வெங்காயம், மேலே பீற்றூட்.
நாவற்குழிப் பாலத்தில் காற்று பக்கத்தால் தள்ளியது.
பாரம் என்றால் எடை என்று நினைத்திருந்தேன்;
அது நான் நின்ற பிறகும்
நிற்க மறுக்கிற ஒன்று.

கொடிகாமத்தில் குறுக்கே ஒரு நாய்.
"வெட்டாதையும்! நேராய்ப் பிடிச்சு அமத்தும்.
நீர் வெட்டினால்
வெங்காயம் எங்களைப் பிரட்டும்."
நாய் தப்பியது,
தன்னுடைய கெட்டித்தனத்தால்.

ஆனையிறவில் உப்பு மணத்தது.
"நாலாம் கியரில் கத்துது, கேக்கேல்லையோ?"
எனக்கு எல்லாமே கத்துவது போலத்தான் கேட்டது.

முறிகண்டியில் அவன் தேங்காய் உடைத்து
கச்சான் வாங்கி வருமுன்
டயர்களைத் தட்டிப் பார்த்தேன்.
"பத்தும்?"
"ஓம்."
"உள் சில்லு நாலும்?"
திரும்பக் குனிந்தேன், டோர்ச்சோடு.

மாங்குளம் தாண்டி,
கச்சான் கோதை மடியில் சேர்த்துக்கொண்டு,
றோட்டைப் பார்த்தபடி கேட்டான்:
"அந்த நீலக் கோப்பு இப்பவும் இருக்கோ?"

கால் தளர்ந்தது. என்னை முந்தி
லொறிக்குத் தெரிந்துவிட்டது.

பதினொரு வருடம் லீசிங் கொம்பனி.
மூன்று தவணை பிந்தினால் விடியமுன் போவோம்.
ஓட ஒருவன், மறிக்க இருவர்,
கோப்பும் டோர்ச்சும் நான்.
எனக்கு ஓடத் தெரியாது.
மீசாலையில் ஒரு பெடியன் சாரத்தோடு ஓடி வந்து
வண்டியைக் கேட்கவில்லை,
"உள்ளுக்கு என்ர சேட்டு கிடக்கு, எடுத்துத் தாங்கோ" என்றான்.
பட்டியலில் எழுதியாயிற்று, தரேலாது என்றேன்.
அப்படி ஒரு விதி இருந்ததா என்று
இன்றுவரை தேடிப் பார்க்கவில்லை.
பிறகு கிளையை மூடினார்கள்.
எனக்குத் தெரிந்த ஒரே பொருள் லொறி,
அதுவும் வெளியில் நின்று.

"முதல் நாளே தெரியுமோ?"
"முதல் நாளே."
"பிறகேன்…"
"உம்மட ஆள் பின்னுக்கு எடுக்கத் தெரியாமல்
பக்கத்து வீட்டு மதிலை இடிச்சவன்.
அதுக்கும் நான்தான் காசு கட்டினது.
கியரை மாத்தும்."

ஓமந்தை வரை கச்சான் உடைகிற சத்தம்.
ஒருமுறை கையை நீட்டினான்; எடுத்தேன்.
உப்புக் கூட.

திரும்பி வரும்போது சீமெந்து.
இருபது மூட்டை மீசாலையில் இறக்க வேண்டும் என்றான்,
எந்த ஒழுங்கை என்று சொல்லவில்லை.
முகப்பு வெளிச்சத்தில் எனக்கே தெரிந்தது.
மதிலின் கீழ்ப்பாதி பாசி பிடித்து,
மேலே மூன்று வரி மட்டும் புதுக் கல், பூசாமல்.

அவன் இறங்கிப் பின்னால் போனான்.
இடப்பக்கக் கண்ணாடியில்
சாரம், டோர்ச், ஒரு கை.
"வாரும்… வாரும்…"
கையை உயர்த்தினான்.
போதும் என்றா, இன்னும் என்றா, தெரியவில்லை.
பிரேக்கை மிதித்தேன். காற்று சீறியது.
யாரோ வீட்டில் லைட் போட்டார்கள்.

கண்ணாடிக்குக் கிட்ட வந்து
மதிலுக்கும் லொறிக்கும் நடுவில்
விரலை விரித்து அளந்தான்.
"ஒரு சாண் இருக்கு. இன்னும் வரலாம்."

வந்தேன்.