சட்டம் மாறாது

மூஞ்சிக்கல் இறக்கத்தில் என் கடை.
பூம்பாறை முருகன், மக்கா, மணமக்கள்,
எவர் வந்தாலும் அடிக்கணக்குதான்.
கண்ணாடிக்கு ஆள் தெரியாது.

எழுபத்தெட்டு, நோன்பு பிறந்த வாரம்.
கோயில்பிள்ளை சூசைமாணிக்கம்
நனைந்த சாக்கில் சுற்றி
ஒரு போப்பாண்டவரைத் தூக்கிவந்தார்.
"தவறிவிட்டார், ராவுத்தரே.
அடுத்தவர் வருமுன்
சட்டத்தைத் துடைத்து வைக்கச் சொன்னார் சாமி."

பின்பலகை ஆணிகளைப் பிடுங்கினேன்.
இறந்தவருக்குப் பின்னால் இன்னொருவர்,
பருத்த முகம், உழவனின் காது.
அவருக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர்.
அவருக்கும் பின்னால் பூச்சி தின்ற ஒருவர்:
ஒரு தோள், பாதித் தொப்பி,
ஆசி கொடுக்கும் இரண்டு விரல்.

குப்பையில் போட மனம் வராமல்
புதியவர் ஆடாமல் நிற்கப்
பழையவரை முட்டுக் கொடுத்திருக்கிறான்
எனக்கு முன்னால் இந்த வேலை பார்த்தவன்.

"இப்படியே உரித்துக்கொண்டு போனால்?"
"கடைசியில் ஒரு மீன்காரர்."
"நடுவில் உள்ளவர்கள் எல்லாம் நல்லவர்களா?"
சூசைமாணிக்கம் மழையைப் பார்த்தார்.
செத்தவரைத் தோண்டி எடுத்து
அங்கி மாட்டி நாற்காலியில் சாய்த்து
வழக்கு விசாரித்த ஒருவர் உண்டாம்.
தண்டனை: ஆசி கொடுத்த விரல்களை வெட்டுவது.
நான் அந்தப் பூச்சி தின்ற படத்தைக்
கவிழ்த்து வைத்தேன்.

மலைக்குகையில் தவமிருந்த கிழவரைக்
கூட்டிவந்து முடிசூட்டினார்களாம்.
ஐந்தே மாதம்.
முடியைக் கழற்றிவைத்து
மலைக்கே கிளம்பிவிட்டாராம்.
"போய்ச் சேர்ந்தாரா?"
"வழியிலே பிடித்து அடைத்துவிட்டார்கள்."
அவரை எனக்குப் பிடித்தது.
கீழே போய் ஒரு வாரத்தில் மூச்சுமுட்டித் திரும்பும்
எங்கள் ஊர்க்காரர் மாதிரி.

நோன்பு முடியும் முன்னே வானொலி சொன்னது:
புகை வந்ததாம்,
கறுப்பா வெள்ளையா என்று
கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியவில்லையாம்.
இங்கே நாலு மணிக்கெல்லாம்
பள்ளத்தாக்கிலிருந்து வெள்ளைப்புகை ஏறுகிறது;
ஒரு பஞ்சாயத்துத் தலைவரைக்கூடத்
தந்ததில்லை.

மதுரையிலிருந்து படம் வந்தது.
சிரித்த முகம்.
கழுவும்போது பழைய கண்ணாடி கீறியதால்
புதியது சொல்லி அனுப்பினேன்.
ஊத்துக்குக் கீழே மண் சரிந்து
லாரி நாலு நாள் நின்றது.
அடுத்ததில் வந்தவை மூன்றும் உடைசல்.
நான்காவது வந்து சேர்ந்து
அளந்து வைரம் வைக்கும் நேரம்
சூசைமாணிக்கம் வாசலில் நின்றார்,
குடையை மடக்காமல்.
"இவருமா?"
"முப்பத்து மூன்று நாள்."

அறுத்த கண்ணாடியில் ஒரு குமிழ்,
கடுகளவு காற்று.
சரியாக அந்தச் சிரிப்பின் ஓரத்தில்.

ஐப்பசியில் மூன்றாமவர் வந்தார்.
"மேலேயே வைத்துவிடு" என்றார் சாமி.
இரண்டு கூலி எழுதினேன்,
ஒன்றுதான் கிடைத்தது.
ஒரு நாளும் சுவரேறாதவர் முட்டுப்பலகையானார்.
குமிழ் இப்போது
வேறொருவர் தாடையில்.

இருபத்தாறு வருடம் தாண்டி
பங்கு அலுவலகத்துப் பெண் ஜெசிந்தா
அதே சட்டத்தை ஆட்டோவில் கொண்டுவந்தாள்.
சூசைமாணிக்கம் செண்பகனூர் கல்லறையில்.
எனக்கு வலக்கண்ணில் புரை.

முன்னால் இருந்தவர்
ஜன்னல் வெயிலில் மஞ்சளாகி
உதடு வெளுத்திருந்தார்.
அவரைத் தூக்கினேன்.

அடியில் அந்தச் சிரிப்பு,
நேற்று அச்சடித்தது போல.
வெளிச்சம் படாததால்
ஒரு நிறமும் போகவில்லை.

"இவர் யார் தாத்தா?"
பெயர் வாயில் வந்தது, சொல்லவில்லை.
"கண்ணாடி பிந்திப்போனவர்" என்றேன்.

வரிசை மாறாமல் அடுக்கி
மேலே புதியவரை வைத்து
பலகையை அழுத்தினேன்.
இப்போது கனம் கூடி
ஆணி எட்டவில்லை.
ஒரு நூல் நீளமானதைத் தேடி
டப்பாவைக் கொட்டினேன்.
குமிழ் எங்கே விழுந்ததென்று
அந்தப் பெண்ணைத்தான் கேட்க வேண்டியிருந்தது.