புதன்கிழமைச் செம்மண்

முதலில் நாடாவைக் கழற்ற வேணும்.
கழற்றாமல் தேய்த்தால்
ஓட்டைகளைச் சுற்றிச் சிவப்பு வளையம் தங்கிவிடும்.
போன மாதம்தான் கண்டுபிடித்தேன்.

கஸ்தூரியார் வீதியில் ஏழாயிரம் சொன்னதை
ஐந்தே முக்காலுக்கு இறக்கி வாங்கிய சோடி.
"வெள்ளை எடுக்காதேங்கோ மிஸ்,
நீங்கள் ஊர்வழிய திரியிற ஆள்"
என்றான் கடைப் பெடியன்.
வெள்ளைதான் எடுத்தேன்.
கடன்காசு வாங்கப் போகிறவளின் கால்
பளிச்சென்று இருந்தால்
கொஞ்சம் பயப்படுவினம் என்று
மனேஜர் சொல்லியிருந்தார்.
இல்லை, அவர் அப்படிச் சொல்லவில்லை.
"துப்புரவாய் இருக்க வேணும்" என்றார்.
மிச்சத்தை நானே விளங்கிக்கொண்டேன்.

திங்கள் நாவாந்துறை. கடற்சேறு
காய்ந்தால் தட்ட உதிரும், மணம்தான் போகாது.
செவ்வாய் ரவுண். தூசி மட்டும்.
புதன் ஊரெழு.

ஊரெழுவில் இருப்பது மண் இல்லை, சாயம்.
ஈரத்தோடு தேய்த்தால் துணிக்குள் இறங்கிவிடும்.
காயவிட்டு
அடித்தோலின் கோடுகளை ஈர்க்கால் கிண்டி
பழைய பிறஸ்ஸால் தட்டி
அப்பச்சோடா இரண்டு கரண்டி, வினாகிரி ஒரு கரண்டி.
கோப்பைக்குள் அது பொங்கி எழும்பும்போது
ஏதோ பெரிய வேலை பார்க்கிறேன் போலிருக்கும்.

எங்கள் கிணற்றில் கல்லுத் தண்ணி.
கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிறது,
சப்பாத்தில் மட்டும் மஞ்சளாய்.
அதனால் கடைசி அலசலுக்கு
காசு கொடுத்து வாங்கும் குடிதண்ணி, அரைப் போத்தல்.
அம்மாவுக்குத் தெரியாது.

இன்றைக்குக் கூட்டம் நிரோஜினி வீட்டில்.
பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்புக் கீழே.
அஞ்சல் ஓட்டத்தில்
வெறுங்காலோடு மூன்றாவதாய் ஓடி வந்து
என் கையில் கோல் தந்தவள்.
ஒருநாளும் தவற விட்டதில்லை.

மூன்று கிழமைக் காசு பிந்திவிட்டது.
ஒருத்தி கட்டாவிட்டால்
மற்றப் பதினொரு பேரும் பாயை விட்டு எழும்பேலாது.
அதுதான் எங்கள் விதி.
மழைக்கு வெங்காயம் தறையிலேயே அழுகிப்போச்சு என்றாள்.
மணத்தது. பொய் இல்லை.
பதினொரு பேரும் அவளின் முகத்தைப் பார்க்கவில்லை,
என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாய்க்கால் வரம்பால் வரும்போது
வலது கால் புதைந்துவிட்டது.
கணுக்கால் மட்டும் சிவப்பு.

நிரோஜினி எழும்பி உள்ளே போனாள்.
காசெடுக்க என்று நினைத்தேன்,
கொப்பியைத் திறந்து பேனை மூடியைக் கழற்றினேன்.
அவள் கொண்டுவந்தது ஒரு காய்ந்த சீலைத்துண்டு.
"தண்ணி படவிடாதேங்கோ அக்கா,
ஊறினால் பிறகு போகாது."
குனிந்தாள்.

நான் காலை இழுத்தேன்.
பிந்தித்தான் இழுத்தேன்.
அதற்குள் ஒரு கோடு துடைத்துவிட்டாள்,
பெருவிரல் அகலத்தில்,
விரல்பக்கம் தொடங்கி நாடா வரைக்கும்.
பரிவா, கெஞ்சலா, கேலியா,
இப்பவும் தெரியாது.
பின்வளவில் யாரோ தண்ணி மெசினை நிற்பாட்டினார்கள்.
திடீரென்று எல்லாருக்கும் எல்லாருடைய மூச்சும் கேட்டது.

கொப்பியில் அவளின் பெயருக்கு நேரே
நான்காவது கிழமை என்று எழுதினேன்.
பேனை நன்றாகவே எழுதியது.

இரவு ஒன்பதரை.
கிணற்றுக்கட்டில் குண்டு பல்ப்பைச் சுற்றி ஈசல்.
இடது சப்பாத்து முடிந்தது.
உள்ளே பேப்பரைக் கசக்கி அடைந்திருக்கிறேன்,
மரண அறிவித்தல் பக்கம்:
ஊரெழுவில் பிறந்து ஸ்காபரோவில் வசித்த யாரோ ஒருவர்
குதிக்காலுக்குள் மடிந்து கிடக்கிறார்.

வலதும் வெளுத்துவிட்டது.
பகலில் பார்த்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.
பல்புக்கு நேரே பிடித்தால்தான்
நடுவில் அந்தக் கோடு
மற்ற இடத்தைவிட வெள்ளையாய் நிற்கிறது.

மற்ற இடத்தை அதுக்குச் சமனாய்க் கொண்டுவரத்தான்
தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு ரிசூ சுற்றி நிழலில் வைக்க வேணும்,
மஞ்சள் கடதாசிக்கு ஏறிவிடும்.
நாளைக்கு வியாழன்.
கச்சேரியடி, தார் ரோட்டு.