ஒரு சாவி குறைவாக

கையெழுத்திடுமுன் குவெக் சியூ ஹூன்
மூன்று முறை கேட்டார்:
"யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை,
அந்த வரி இருக்கிறதா?"
இருக்கிறது. பக்கம் இரண்டு, பத்தி நான்கு:
தன் சொந்த விருப்பின்பேரில்.
விரலால் தொட்டுப் பார்த்தார்,
மீன் புதிதா என்று
செவுளைத் தூக்கிப் பார்ப்பவர்போல.

லிம் சூ காங், சாலையின் கடைசி.
கல்லறைகளைத் தாண்டிப் பேருந்து காலியாகிவிடும்.
ஆறு ஏக்கர். நான்கில் கங்கோங், சாய் சிம்,
சென்ற மழையில் கிழிந்த வலைக்கூரை.
மீதி இரண்டில் யாரும் எதையும் நட்டதில்லை.
பழைய பன்றிக்கொட்டகையின் மேல் சிம்போ இலைகள்,
அதற்கப்பால் கண்டல், சேறு,
சேற்றுக்கப்பால் ஜொகூரின் விளக்குகள்.

நான் அறக்கட்டளையின் ஆள்.
நிலம் வாங்குவதில்லை நாங்கள், விற்பதுமில்லை.
இதை விளக்கத் தெரியாமல்
அவருடைய சாவிக்கொத்தை மேசையில் வைக்கச் சொன்னேன்.
இது பயிரிடும் சாவி, உங்களுடையது.
விற்க இது, பிள்ளைக்கு எழுதிவைக்க இது,
வேண்டாதவரை வெளியே நிறுத்த இந்தப் பெரியது.
எல்லாம் உங்களிடமே இருக்கட்டும்.
இதோ, தேயாமல் பளபளக்கிறதே,
கட்டடம் எழுப்பும் சாவி,
இதை மட்டும் எங்களிடம் கொடுங்கள்.

"நீங்கள் திறப்பீர்களா?"
மாட்டோம்.
"பிறகு எதற்கு?"
யாரும் திறக்காமலிருக்க.
"சும்மா இருக்க ஒரு சங்கமா!"
என்று சிரித்து
எனக்கு இன்னொரு கோப்பி-ஓ ஊற்றினார்.

பெர்த்திலிருந்து தம்பி பெங் சுவான்
திரையில் வந்தார். பாதிப் பங்கு அவருடையது.
மதிப்பீட்டாளரின் தாளில் இரண்டு எண்கள்,
சாவியோடு, சாவியில்லாமல்.
இடைவெளி பதினொரு மில்லியன் வெள்ளி.
"இவ்வளவையும் அழுங்குக்குத் தானமா, அக்கா?"
"அழுங்கு கேட்கவில்லை.
கேட்பது நீ."
தெங்கா பக்கமிருந்து ஒரு போர்விமானம் கூரையைக் கீறிப் போனது.
அது போகும்வரை யாரும் பேசவில்லை.
போன பிறகு, பதினான்கு மாதம்
தம்பி பேசவில்லை.

பிறகு ஒரு மின்னஞ்சல்:
அரை ஏக்கரை மட்டும் விட்டுவைக்கச் சொல்.
ஒற்றை மாடி, ஒரே ஒரு வீடு.
வருவேன் என்று சொல்லவில்லை.
வரைபடத்தில் அந்த அரை ஏக்கரைப்
பென்சிலால் சுற்றினேன்.
அவர் அதை மையால் சுற்றினார்.

சாட்சிக்கு அருள்நம்பி வந்தார்,
பட்டுக்கோட்டைக்காரர், கையில் உரமணம்.
தமிழில் சொல்லுங்க சார், என்னதான் இது?
சொன்னேன்.
"அட, புறம்போக்கு!"
இல்லை, இதற்குச் சொந்தக்காரர் இருக்கிறார்.
"சொந்தக்காரரே போடுற புறம்போக்கா?"
எட்டு ஆண்டு இந்த வேலையில்
இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.
அவருடைய அடுத்த கேள்வி, எனக்கு வேலை இருக்குமா?
கங்கோங் இருக்கும்வரை, என்றேன்.

குத்தகை தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆண்டு,
மிச்சம் எண்ணூற்று ஐம்பத்தெட்டு.
அதுவரை பாதுகாப்போம் என்று தட்டச்சு செய்த நான்
புக்கிட் பாஞ்சாங்கில் பதினோராம் மாடி,
வீவக வீடு, மிச்சம் அறுபத்தொன்று.
தொட்டிக் கறிவேப்பிலை தவிர
எனக்கென்று மண் கிடையாது.
எண்ணூறு ஆண்டுக்கு யார் வந்து பார்ப்பது?
சட்டம் அதைக் கேட்பதில்லை.
வருடத்துக்கு ஒருமுறை யாராவது
காலணியில் சேறு படப் போகவேண்டும், அவ்வளவே.

இந்த ஆண்டு நான் போனேன்.
படிவத்தில் ஏழாம் கேள்வி: சென்ற ஆண்டிலிருந்து மாற்றம்?
எழுதினேன்:
வடகிழக்கு வேலியில் ஓட்டை,
அகலம் ஒன்றரைச் சாண்,
கம்பியில் சிக்கிய ஒரு செதில்.
செப்பனிட வேண்டுமா என்ற கட்டத்தில்
சியூ ஹூன் என் பேனாவை வாங்கி
ஒரே ஒரு சீன எழுத்தைப் போட்டார்.

"வேணாம்னு எழுதியிருக்காங்க,"
தோளுக்குப் பின்னாலிருந்து அருள்நம்பி.
எப்போது படிக்கக் கற்றார்,
நான் கேட்கவில்லை.