பத்து எண்ணுவதற்குள்

பத்து எண்ணுவதற்குள் வெளியே எடுத்துவிட வேண்டும்
என்றாள் சயான் ஆஸ்பத்திரி நர்ஸ்.
சக்‌ஷன் பைப் உள்ளே போனதும்
நானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.
ஏழிலேயே எனக்கு முட்டுகிறது.
எடுத்துவிடுகிறேன்.

இருபத்தேழு வருஷம் பெஸ்ட் பஸ்ஸில்
"புடே சலா, புடே சலா" என்று
பம்பாயையே முன்னுக்குத் தள்ளிய தொண்டை.
இப்போது அதன் அடியில் ஒரு துளை,
என் சுண்டுவிரல்கூட நுழையாது.
சளி இறுகி நகராத இரவுகளில்
அதனிடம் சொல்கிறேன்:
புடே சலா, மவராசா.
அவர் தோள் குலுங்குகிறது.
சிரிப்பா, இருமலா,
சத்தமில்லாமல் எப்படித் தெரியும்?

உள்குழாயைக் கழற்றி
கொதித்து ஆறிய நீரில் பிரஷ் விட்டுத் தேய்க்கிறேன்.
பால்புட்டி கழுவிய கை, மறக்கவில்லை.
கழுத்து நாடாவுக்குள் ஒரு விரல் போக வேண்டுமாம்.
தாலி கட்டியபோது
யாரும் இப்படி அளந்து பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு மெஹ்ருன்னிசா
மிளகாய் வறுக்கும் முன் சுவரைத் தட்டுவாள்.
நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.
அவ்வளவுதான் எங்கள் பேச்சு, இந்த மாதம்.

நேற்று ராத்திரி
தானே விரலால் துளையை மூடிக்கொண்டார்.
நாற்பது நாளில் முதல் வார்த்தை.
யாரோ அடுத்த அறையில் பேசுவதுபோல்:
"லைட்ட அணை எப்சிபா. பில்லு ஏறும்."

அணைத்தேன்.
இருட்டில் அந்தச் சீழ்க்கை மூச்சு.
அது கேட்கும்வரை தூங்கலாம்.
தாராவித் தகரங்களில் மழை இறங்கியதும்
கேட்கவில்லை.
எழுந்து போய்
அவர் கழுத்தருகே கன்னத்தை வைத்துக்கொண்டேன்.
காற்று
வந்து வந்து பட்டது.