இன்னொரு வெள்ளிக்கிழமை

கர்மார்த்தனில் எங்கள் அலுவலகம்
பேக்கரிக்கு மேல் மாடி.
எல்லாக் கிரயப் பத்திரத்திலும் லேசாக ரொட்டி வாசனை.

கிளெனிஸ் ப்ரோதரோ. வயது அறுபத்தொன்று.
மூன்று படுக்கையறை, பின்னால் தோட்டம்.
கையெழுத்தாகிவிட்டது, முன்பணம் வந்துவிட்டது.
சாவி கைமாற வேண்டியது
பிப்ரவரி ஏழு, வெள்ளி, பகல் பன்னிரண்டு.

ஒரு வாரம் தள்ள முடியுமா என்றார்.
பாய்லர் சான்றிதழைக் காணோமாம்.
அது என் மேசைமேல்தான் இருந்தது.
சொன்னேன்.
அப்படியானால் வண்டிக்காரர்களுக்குக் காய்ச்சல் என்றார்.
பிறகு தொலைபேசியில் மூச்சு மட்டும்.

"நார்மன் இன்னும் எழுந்திருக்கவில்லை."

கோப்பைப் புரட்டினேன்.
குடியிருப்போர் பட்டியலில் நார்மன் என்று யாருமில்லை.

ஆமை.
அக்டோபரில் மண்ணுக்குள் போனது.
வழக்கமாகக் கொட்டகைக்குப் பின்னால்,
இந்த வருடம் அங்கே இல்லை.
மண்வெட்டி போட்டுத் தேடக் கூடாது, ஓட்டில் பட்டால்...
ஏப்ரலில் தானே வரும், வெயில் வந்தால்.
வேல்ஸில்,
வெயில் வந்தால்.

வாங்குகிறவரிடமே சொல்லிவிடலாமே என்றேன்.
"அந்த ஆள் அளவு நாடாவோடு வந்தார்.
தோட்டம் முழுக்கக் கல் பாவப் போகிறாராம்."

ரோட்ரி பெவன் இவரிடம் வாங்குகிறார்,
தன் வீட்டை லனெல்லியில் ஒரு நர்ஸுக்கு விற்கிறார்,
நர்ஸ் காலி செய்யும் அறைக்காக
வேனில் படுத்துத் தூங்குகிறான் ஒரு பையன்.
சங்கிலி என்பார்கள் எங்கள் தொழிலில்.
கடைசிக் கண்ணி கிளெனிஸ் என்று நினைத்திருந்தேன்.
அதற்கும் கீழே, ஒரு சாண் ஆழத்தில்,
இன்னொன்று.

எதிர்த்தரப்புக்கு எழுதினேன்:
தவிர்க்க இயலாத தனிப்பட்ட காரணங்கள்.
அதற்கு முன் "நார்மன்" என்று எழுதி
அழித்தேன்.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்
உருப்படாது என்பார்கள் என் ஊர்ப் பக்கம்.
ஆமை வெளியே வராத வீட்டுக்கு
யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை.
அமீனா மட்டும் வந்தார், மின்னஞ்சலாக:
பத்து வேலை நாள் கெடு,
பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் நாற்பத்தொரு பவுண்டு வட்டி.

கட்டினார்.
பதினான்கு நாளும் காலையில் தோட்டத்தில் நின்றிருக்கிறார்,
கோட்டுப் பையில் ஒரு வெள்ளரித் துண்டோடு.
ஐந்நூற்று எழுபத்து நான்கு.
தூங்கும் பிராணிக்கு இவ்வளவு வாடகை
எங்கள் கணக்குப் புத்தகத்தில் இதுவே முதல்.

இருபத்தொன்றாம் தேதி சாவியைக் கொடுத்தார்.
கூடவே நாலாக மடித்த ஒரு தாள்,
பெவனுக்கு. நான் பிரிக்கவில்லை.
பையன் வேனைவிட்டு இறங்கியிருப்பான்.
கிளெனிஸ் இப்போது இரண்டாம் மாடியில், தோட்டமில்லாமல்.
கோப்பைக் கட்டி
மூடியவை அலமாரியில் வைத்தேன்.

ஏப்ரல் கடைசியில் பெவன் கூப்பிட்டார்.
வட்டி வரவில்லையோ என்று பயந்தேன்.
வந்துவிட்டதாம்.
"கல் பாவுகிறவர்களுக்கு இன்னும் நாள் சொல்லவில்லை.
தள்ளி வைத்திருக்கிறேன்.
அந்த அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்."

எத்தனை நாள் என்று கேட்டேன், பழக்கதோஷம்.
வெளியே மழை.
அவர் பக்கமும் மழைதான்,
கேட்டது.