கிட்டத்தட்ட தினமும்

காரைக்குடி ஆஸ்பத்திரியில் மாடியேறி
இடப்பக்கம் மூன்றாவது அறை.
படிவத்தில் ஒன்பது கேள்விகள்.

கடந்த இரண்டு வாரத்தில்
எதிலும் நாட்டமில்லாமல் இருந்தது எத்தனை நாள்?
ஒரு நாளும் இல்லை
சில நாள்
பாதி நாளுக்கு மேல்
கிட்டத்தட்ட தினமும்.

சொர்ணவல்லி மேடம் பேனாவோடு காத்திருக்கிறார்.
சில நாள், என்கிறேன்.
தூக்கம்? சில நாள்.
பசி? சில நாள்.
மரியாதையான பதில் அது.
வீட்டுக்குப் போன் போகாது.

ரிப்போர்ட் நன்றாக இருக்கிறதாம்.
கிருமி கண்டறிய இயலாத அளவு.
கல்லூரியில் நானும் அந்த அளவுதான்.

படிவம் கேட்காதது:
மாத்திரை டப்பாவில் பஞ்சு அடைத்திருக்கிறேன்
நடக்கையில் குலுங்காமலிருக்க.
ஒன்பது மணி அலாரத்துக்கு
'கோழிக்குத் தண்ணி' என்று பேர்.
எங்களிடம் கோழி கிடையாது.

சத்து மாத்திரை என்றுதான் சித்தி சொல்லியிருந்தாள்.
பதினாலு வயதில் லேபிளை நானே படித்தேன்.
அன்றிரவு அம்மா படத்தைச்
சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.
காலையில் நேராக இருந்தது.
மறுபடி திருப்பினேன்.
மறுபடி நேராக இருந்தது.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை,
ஒரு மாதம்.

தேவகோட்டை பஸ்.
ரஸ்தா தாண்டியதும் அலாரம் அடித்தது
இரண்டு போனில்.

பக்கத்தில் கார்மேகம்,
மெக்கானிக்கல், கடைசி பெஞ்ச்.
அவன் திரையில் 'கரண்ட் பில்'.
என் திரையில் கோழி.
இருவரும் ஜன்னலைப் பார்த்தோம்.
ஜன்னலில் இருட்டும் எங்கள் முகமும்தான்.

பிறகு அவன் பையிலிருந்து டப்பாவை எடுத்தான்.
அது கலகலவென்று குலுங்கியது.
பஞ்சு வைக்கவில்லை, பாவி.

"தண்ணி வச்சிருக்கியா?"

வீட்டில் தனியாக இருக்கும்போதும்
அண்ணாந்தே குடித்துப் பழகியவன் நான்.
அவன் பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தான்.
துடைக்காமல் திருப்பித் தந்தான்.
நான் கொஞ்சநேரம்
அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.
அப்புறம் வாய் வைத்தேன்.

"ராத்திரி ஒம்போதுக்கு
எந்தக் கோழிடா தண்ணி குடிக்கும்?"

இறங்கும்வரை சிரித்தோம்.
கண்டக்டர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த மாதம் அதே அறை, அதே படிவம்.
நாட்டமில்லாமல்?
கிட்டத்தட்ட தினமும்.
பேனா நின்றது.
தூக்கம்?
பாதி நாளுக்கு மேல்.
ஒன்பதாவது கேள்விக்கு வந்ததும்
எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து
என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்டார்.

சொன்னேன்.
நிறைய நேரம் ஆனது.

வெளியே பெஞ்சில் கார்மேகம்
சலித்துப்போய்
டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தது
கதவு வழியாகக் கேட்டது.